மாமா துடைத்த வாய்

உங்கள் பெரிய மாமா ஈரத் துண்டால் தன் அப்பாவின், உங்கள் அப்பிச்சியின், வாயைத் துடைத்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. துடைத்தார், துண்டை அலசிக்கொண்டு வந்து மறுபடியும் துடைத்தார். அப்போது அந்த வாயில் கஞ்சி ஏதும் இல்லை, கண்ணுகளா. அப்பிச்சியின் உயிரைக் காப்பாற்றிய சிஸ்டரின் விரல் பட்ட இடத்தைத்தான் துடைத்தார்.

அப்பிச்சிக்கு வாதம் வந்து குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு இல்லை, விழுங்குவதும் சிரமம். தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து என்றார் டாக்டர். அந்த வார்டு சிஸ்டர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, கெட்டிக் கஞ்சியை அரைக் கரண்டியாக ஊட்டுவார். "முழுங்கியாச்சுங்களா? வாயைத் தொறங்க, பார்க்கறேன்" என்பார். அப்பிச்சி குழந்தை மாதிரி திறந்து காட்டுவார்.

மாமா சாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார். நம் பக்கத்தில் அதைக் கேட்கும் விதமே வேறு.

"ஏனுங்க சிஸ்டர், ஊடு எங்கீங்க?"

"எஸ்டேட்லீங்க."

"எந்த லைன் ஊடு? மேலயா, கீழயா?"

"கீழ் லைனுங்க."

"திருவிழாவுக்கு எந்தக் கோயில்ல பொங்கல் வைப்பீங்க?"

சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னும் ஏதாச்சும் தெரியணுங்களா, அண்ணா? ரத்த குரூப் சொல்லட்டுங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே ஹெட் நர்ஸிடம் போனார். அந்தப் பொண்ணு ஊட்டுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றார். பேச்சே இல்லாத மனுஷர் எப்போது சொன்னார்? எதற்கு வம்பு என்று அன்றைக்கே சிஸ்டரைப் பக்கத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாமாவின் பேச்சைவிட, அது அவ்வளவு சுலபமாக நடந்ததுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

அதன்பிறகு மாமாவே ஊட்டினார். கட்டிலை உயர்த்துங்கள் என்றேன். "பெத்த அப்பனுக்கு ஊட்ட எனக்குத் தெரியாதுங்களா, மாப்ளே?" என்றார். அப்பிச்சிக்குப் புரையேறி முகம் நீலம் பாய்ந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்தவர் அதே சிஸ்டர்தான். அப்பிச்சியைப் பக்கவாட்டில் புரட்டி, வாயில் விரல் விட்டுக் கஞ்சியை வழித்தெடுத்து, குழாய் வைத்து உறிஞ்சினார். மூச்சு வந்ததும் தன் வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மாமா அந்தத் துண்டை நனைத்தார்.

மறுநாள் கோயம்புத்தூர் நர்சிங் காலேஜ் டீச்சர் ஒருவர் ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். நோய் வந்தால் குடும்பம் என்ன பாடுபடுகிறது, பல வகை மனிதர்கள் நர்ஸாக வரும்போது அவர்களை எப்படி நடத்துகிறோம் என்று ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டார். "எல்லாரையும் ஒண்ணாத்தானுங்க பார்க்கறோம்" என்றார் மாமா, சர்க்கரையாக. நான் அவர் எதிரிலேயே நடந்ததைச் சொன்னேன்.

"நம்ம வீட்டு விஷயத்தை வெளியில பேசாதீங்க, மாப்ளே."

"நேத்து உசுரு போயிருந்தா அது யாரு வீட்டு விஷயமுங்க, மச்சான்?"

டீச்சர் போன பிறகு சிஸ்டரைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். "அந்தக் கட்டிலுக்கு இனி வர்றதா இல்லீங்க. நீங்க உக்காருங்க, சொல்லித் தர்றேன்" என்றார். வராந்தா பெஞ்சில் என்னை உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, எனக்கே ஒரு கரண்டி கஞ்சி ஊட்டிக் காட்டினார்.

அப்படித்தான் இன்றும் அப்பிச்சிக்கு நான் ஊட்டுகிறேன். மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அப்பிச்சியைப் பார்க்க வந்தவர்களிடம், "வேத்தாள் கை படாம நாங்களே பார்த்து எங்கப்பாவைக் காப்பாத்துனோம்" என்கிறார். அவர்களும் மெச்சித் தலையாட்டுகிறார்கள். என்னைத்தான் வாயடைத்துவிடுகிறார், மாப்பிள்ளைக்குப் பொறாமை என்று. உங்களை அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த தடவை நீங்கள் பக்கத்தில் இருந்தால் மரியாதையாகவே சொல்லுங்கள்: "இல்லீங்க மாமா, ஒரு சிஸ்டர்தான் காப்பாத்துனாங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.