பலகையின் வலது கீழ் மூலை

பலகை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான தலைவிதி உண்டு: ஊரில் உள்ள எல்லார் பெயரையும் முழ உயரத்துக்கு எழுதலாம், தன் பெயரை விரல்நகம் அளவுக்கு எழுதப் போனால் மட்டும் பஞ்சாயத்து கூடிவிடும்.

அநியாயத்துக்கு ஆளானவள் நான், செலின். என்ன அநியாயம் என்றால், ஜொகூர் பாருவில் நான் எழுதுகிற பலகைகளுக்கெல்லாம் என் அண்ணன் ஞானப்பிரகாசத்துக்குப் பாராட்டு போய்ச் சேர்கிறது. அண்ணன் ரயில் சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. ரூல்தடியைக் கையில் கொடுத்தாலும் கோடு அவனுக்கு வளைந்துதான் வரும். ஆனால் காய்ந்த பலகையைச் சைக்கிளில் கட்டிக் கடைகளுக்குக் கொண்டு போகிறவன் அவன். பலகையோடு வருகிறவன் எழுதினவன், வீட்டில் இருக்கிறவள் சோறு பொங்குகிறவள் என்பது ஊரின் தர்க்க சாஸ்திரம். சென்னையில் பி.ஏ.வுக்கு நானும் தர்க்கம் படித்தேன். அங்கே இந்தப் பாடம் இல்லை.

அப்பா செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர், ஆகையால் எதையும் நிபந்தனையோடுதான் பேசுவார். "ஈஸ்டருக்குள்ள ஒருத்தராவது உன் பேரைச் சொல்லி வேலை கொடுக்க வரணும். வந்தா நீ அண்ணன்கூட ஜொகூர் பாருலயே இருந்துக்கோ. வரலேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு தோட்டத்துக்கு வந்துடு. ஈப்போவுல ஒரு வரன் பார்த்து வச்சிருக்கேன்" என்றார். பெயரே வெளியில் தெரியாதபோது பெயரைச் சொல்லி எவர் வருவார்? தூரிகை பிடிக்கும் தோழர்களே, உங்களுக்கும் இதுபோல் நடந்திருக்கும். படித்துவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

வாழைத்தார்

ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரை நாங்கள் எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் கடைக்குத் தமிழிலும், மலாய்க்கு அரபு வடிவ ஜாவி எழுத்திலும், இங்கிலீஷிலும் பலகை எழுதினேன். ஜாவி எழுத்துக்குப் பள்ளிவாசல் உஸ்தாதிடம் மாதிரி எழுதி வாங்கி, வளைவு பிசகாமல் பழகிய பிறகே பலகையில் தொட்டேன். பலகை எழுதும் ஆண்கள் எல்லாரும் வலது கீழ் மூலையில் தங்கள் பெயரைப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். யாரும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதில்லை. நானும் 'செலின்' என்று போட்டேன்.

மறுநாள் அந்த வழியாகப் போனால் மூலையில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு வாழைத்தார். என் பெயர் அதற்குப் பின்னால். கடைக்கு நெடுக விட்டம் இருக்கிறது, உத்தரம் இருக்கிறது, தார் தொங்க இடமா இல்லை? உள்ளே போய்க் கேட்டேன். காக்கா கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "கடைக்கு வர்ற ஆளு முதல்ல பார்க்கிறது வாழைத்தாரைத்தான். அந்த இடத்துல உன் பேரு இருக்கு. இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்றார். "பார்க்கிறது தாரைத்தானே, காக்கா, பேரை இல்லையே" என்றேன். "பழம் குறையக் குறையப் பேரு தெரியும்ல" என்றார். உண்மைதான். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது முதல் எழுத்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலையாள் வந்து புதுத் தாரை மாட்டினான். நான் காக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நம்ம கடையில பழம் தீர்றதே இல்ல, தங்கச்சி. அது என் குத்தமா?"

முகம் இல்லாத பெண்

கூந்தல் தைலம் காய்ச்சி விற்கும் சுப்பையா அண்ணன் புட்டிக்கு ஒட்டும் லேபிளுக்குப் படம் கேட்டார். நீண்ட கூந்தலோடு ஒரு பெண். வரைந்தேன். "இந்தப் பொண்ணு என்னையே பார்க்குதும்மா. வீட்டுல சம்சாரம் இருக்கு" என்றார். கண்ணைத் தாழ்த்தினேன். அப்போது அவள் அழுவது போல் இருக்கிறதாம், தைலம் போட்டு முடி கொட்டிவிட்டதோ என்று சனங்கள் சந்தேகப்படுவார்களாம். பக்கவாட்டில் திருப்பினேன். வேறு யாரையோ பார்க்கிறாளாம், அது இன்னும் மோசமாம். கடைசியில் முழுக்கத் திருப்பி, முதுகும் கூந்தலும் மட்டும் தெரிய வரைந்து கொடுத்தேன். லேபிளில் முகம் என்பதே இல்லை. சுப்பையா அண்ணனுக்கு மனம் நிறைந்தது.

கூந்தல் முடியும் இடத்தில் பொடி எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை. லேபிள் அச்சாகிப் புட்டிகள் கடைக்குப் போயின. அடுத்த மாதம் பெண்கள் 'செலின் தைலம்' இருக்கிறதா என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். படத்தில் இருக்கிறவள்தான் செலின் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களைப் பார்க்க வந்த அப்பாவிடம் துள்ளிக் குதித்துச் சொன்னேன். "பேரைச் சொல்லி எண்ணெய் வாங்கத்தானே வந்தாங்க, உனக்கு வேலை கொடுக்கவா வந்தாங்க?" என்றார். அந்த வாரமே சுப்பையா அண்ணன் வீட்டுக்கு வந்து, அடுத்த அச்சில் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"மூஞ்சியே காட்டாத பொண்ணுக்குப் பேரு மட்டும் எதுக்கும்மா?"

கங்காணியின் தொப்பி

அப்பாவின் தோட்டத்துப் பெரிய கங்காணிக்குச் சைக்கிளோடு நிற்கும் தன் படம் வேண்டும். போட்டோவாக இருக்கக் கூடாது, வர்ணத்தில் வேண்டும். விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது வரைந்தேன். கோட்டு போட்டுக்கொண்டார். தொரைமார் வைக்கிற மாதிரி ஒரு தொப்பியும் எங்கிருந்தோ கொண்டுவந்தார். தலையில் தொப்பியோடு வரைந்தேன். பார்த்துவிட்டு முகம் வெளுத்தார். "தொரை பார்த்தா, தனக்குச் சமமா தொப்பி வச்சுக்கிட்டான்னு சொல்வாரு." சரி என்று தொப்பியைக் கையில் கொடுத்தேன். "கையில வச்சிருந்தா யாருக்கோ சலாம் போடுற மாதிரி இருக்கு பாப்பா. லயத்து வீடுகள்ல இருக்கிற கூலியாளுங்ககிட்ட என் மரியாதை என்ன ஆகும்?" ஒரு மேசை வரைந்து அதன் மேல் வைத்தேன். ரப்பர்க் காட்டுக்குள் மேசை எப்படி வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொப்பியே வேண்டாம், அழித்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் சம்மதம் இல்லை. இரண்டு நாள் வாதாடினோம். எனக்கு வாதாடப் பிடிக்கும், ஆனால் தொப்பிக்காக இவ்வளவு வாதாடியது அதுதான் முதல் தடவை.

முடிவில் தொப்பி சைக்கிளின் கைப்பிடியில் போய் உட்கார்ந்தது. சைக்கிள் தொப்பி வைத்திருக்கிறது, கங்காணி வெறுந்தலையோடு நிற்கிறார். அவருக்குப் பரம திருப்தி. தொரை கேட்டால் சைக்கிளைக் கைகாட்டிவிடுவாராம். நான் தூரிகையைத் தோய்த்து வலது கீழ் மூலைக்குப் போனேன். அவர் என் கையைத் தொடாமல், படத்துக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்.

"பேரு போட்டுறாத பாப்பா. ஒரு பொம்பளப் புள்ள 'அசையாத'ன்னு சொல்லி நான் ரெண்டு நாளு அசையாம நின்னேன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் எனக்குப் பயந்து பாலுக்கு மரம் வெட்டுவான்?"

காடும் அரண்மனையும்

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக் கம்பெனி வந்து தம்போயில் கொட்டகை போட்டது. கப்பலில் வந்த படுதாக்களில் கடல் தண்ணீர் பட்டு வர்ணம் வழிந்துவிட்டது. மேனேஜர் என்னைத் தேடி வந்தார். இல்லை, அண்ணனைத் தேடி வந்தார். நான் கதவைத் திறந்ததால் என்னிடம் பேச வேண்டியதாகிவிட்டது. துணி ஒரு படுதாவுக்குத்தான் இருந்தது. கதையில் அரண்மனையும் வருகிறது, காடும் வருகிறது. "தூணெல்லாம் வரைஞ்சு, தூணுல இலை வச்சிடு தாயி. ராஜா நின்னா அரண்மனை, அவரு பொண்டாட்டி அழுதா காடு" என்றார். வரைந்தேன். தூணிலிருந்து கிளை பிரிந்தது, கிளையில் சரவிளக்கு தொங்கியது, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு. முதல் நாள் ராணி அழத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "காடு வந்திருச்சு" என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

நாடகம் பார்க்கத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகச் சனம் வந்தது. இவ்வளவு பேர் பார்க்கும் இடத்தில் என் பெயர் இருந்தால் ஈஸ்டருக்குள் என்ன, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் வரும். மூலையில் போடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ரொம்ப அனுபவத்தோடு பேசினார்.

"படுதாவுல ஒரு பேரு இருந்தா, அந்தம்மா எப்ப மேடைக்கு வரும்னு சனம் விடிய விடிய உக்காந்திருக்கும் தாயி. நாடகம் முடிஞ்சாலும் எந்திரிக்காது."

கடைசி எழுத்து

ஈஸ்டருக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்ச் சங்கம் புதுப் படிப்பகம் திறந்தது. பலகை என்னுடையது. சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற டிரஸ்ஸர், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு எதையும் சடங்கோடு செய்யப் பழகினவர். கோவிலில் சாமிக்குக் கடைசியில் கண் திறப்பார்கள் இல்லையா, அதுபோல் பலகையில் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும், அதைப் பலகை எழுதினவரே சபையின் முன்னால் ஏணியில் ஏறி எழுதி முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எல்லார் முன்னாலும் எழுதினால் இனி யார் மறுக்க முடியும்? அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். காலை ரயிலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

தலைவர் எழுந்தார், மாலையை எடுத்தார், அண்ணன் கழுத்தில் போட்டார். அண்ணன் பாவம், மாலையோடு எழுந்து, "நான் இல்லைங்கய்யா, எழுதினது என் தங்கச்சி" என்று தெளிவாகவே சொன்னான். "பார்த்தீங்களா, என்ன தன்னடக்கம்" என்றார் தலைவர். சபை கை தட்டியது. அவன் இன்னொரு தடவை மறுத்தான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து அவனை ஏணியில் ஏற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தூரிகையைத் தோய்த்து ஓர் எழுத்து எழுதினான். மிதிபட்ட நண்டு போல் இருந்தது. இப்போதாவது புரியும் என்று நான் தலைவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மத்த எழுத்தெல்லாம் சாதாரணம். இந்த எழுத்துலதான் கலை இருக்கு" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அண்ணனை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். டர்பன்டைனில் துணியை நனைத்து நண்டைத் துடைத்தேன். என் எழுத்தை எழுதினேன். அப்படியே சாய்ந்து வலது கீழ் மூலையில் 'செலின்' என்றும் எழுதினேன். சபையில் ஆளுக்கு ஆள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் கொஞ்சமும் கலங்காமல், "அண்ணன் கையெழுத்தைத் தங்கச்சி எவ்வளவு அழகாப் பார்த்து எழுதுது பாருங்க. குடும்பமே கலைக் குடும்பம்" என்று சொல்லி, எல்லாரையும் பலகாரத்துக்கு அனுப்பிவிட்டார்.

நான் ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்கினால் நேரே செடெனாக் ரயில்தான் என்று தோன்றியது. அப்போது கெலாங் பாத்தா பஸ் தாமதமானதால் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், குடையை மடக்கிக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்தார். மேலிருந்து வரி வரியாக வாசித்து மூலை வரைக்கும் வந்தார். மூலை வரைக்கும் வாசித்த முதல் மனிதர் அவர்தான். பிறகு அண்ணனிடம், "வேலை சுத்தமா இருக்கே. நம்ம கடைக்கும் ஒரு பலகை வேணும். இந்த செலின் தொரையை எங்க பார்க்கலாம்?" என்று கேட்டார்.

அண்ணன் மேலே கையைக் காட்டினான். "மேலே இருக்காங்க."

அவர் வானத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "அலமாக், ஐயய்யோ. எப்போ தவறினாரு?"

"ஏணி மேலே" என்றான் அண்ணன்.

அவர் என்னைப் பார்த்தார், தூரிகையைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் கெலாங் பாத்தாவுக்கு வந்து அளவெடுக்க முடியுமா என்று என்னிடமே கேட்டார். வருகிறேன் என்றேன். அப்பா முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஏணிக்குக் கீழே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவர் தேடி வந்தது ஒரு தொரையை. உன்னை இல்லை. இது கணக்குல வராது" என்றார்.

நான் ஏணியை விட்டு இறங்காமலேயே பதில் சொன்னேன்: "அவர் ஆளைத்தான் தப்பா நினைச்சாரு, பேரை ஒரு எழுத்து பிசகாமச் சொன்னாரு, நீங்க நிபந்தனை போட்டது பேருக்குத்தான் அப்பா, ஆளுக்கு இல்லை."