கோழிக்குஞ்சுக்கு மூன்று சோதனை

மலாயாவில், கெடாவில் நான் பார்க்கும் உத்தியோகத்தை எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். காலையில் எழுந்ததும் கோழிக்குஞ்சுகளின் காலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறேன். அவற்றுக்கு மலேரியா, வரவழைத்தவர்களும் நாங்களே. தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் அப்பா ஒரு மாதம் குளிர்காய்ச்சலில் நடுங்கியபோது எட்டிப் பார்க்க ஒரு கம்பவுண்டர்கூட இல்லை. கோழியாகப் பிறக்காதது அவர் செய்த தப்பு.

கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் இதற்கு 'ஸ்கிரீனிங்' என்று பெயர் சொன்னார். கிருமியின் உடம்பில் ஏதோ ஒரு புரதத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் மருந்து வேண்டும். எது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நம்பரிட்ட தூள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு குஞ்சு பிழைத்தால் அவர் நம்பமாட்டார். மருந்தில்லாத குஞ்சைப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை சோதித்த பிறகே தலையசைப்பார்.

குஞ்சுகளைப் பிடித்துக்கொள்பவன் செல்லையா. முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், இதே தோட்டத்தில் பிறந்தவன்.

காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டையிட்ட எமர்ஜென்சிக் காலம். ஒரு நாள் போலீசும் ஸ்கிரீனிங்குக்கு வந்தது. தோட்டத்து ஆட்களெல்லாம் வரிசையில் நடந்தோம். லாரிக்குள் முகமூடி போட்ட ஒருவன். அவன் தலையசைத்தால் அந்த ஆள் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தவன். செல்லையாவைப் பார்த்து அசைத்தான்.

நான் மலாய்ப் போலீஸ்காரரிடம் ஓடினேன். "என்சிக், சத்து காலி தாக் சுக்குப்!" ஒரு தடவை போதாது என்றேன். அவர் என்னையே மறுபடி வரிசையில் தள்ளிவிட்டார். முகமூடிக்கு முன்னால் இரண்டாம் தடவை நடந்தேன். தலை அசையவில்லை. விஞ்ஞான முறைப்படி நான் ஒருவன்தான் நிரபராதி.

டாக்டரிடம் போய் நின்றேன். "அவன் எங்கயும் போகல சார். தினம் நம்ம கூண்டுகிட்டதான் இருந்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"அது போலீஸ் விஷயம்" என்றார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: "நாளைக்குக் குஞ்சுகளை யார் பிடிப்பது?"

செல்லையாவை இந்தியாவுக்கு 'திருப்பி' அனுப்பத் தீர்ப்பாயிற்று. பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று யாரும் யோசிக்கவில்லை. கப்பலுக்கு முன்பு, அவனை அடைத்து வைத்திருந்த முகாமின் முள்கம்பி ஓரம் பார்க்க விட்டார்கள்.

"அண்ணே, நாகப்பட்டணத்துல எறங்கி எந்தப் பக்கம்ணே போகணும்? அங்க எனக்கு யாரையும் தெரியாதுலா."

ரயிலடி, திருவாரூர், அங்கிருந்து பஸ், வாய்க்கால் பாலம், இடது பக்கம் மூன்றாம் வீடு என்று சொன்னேன். அவன் விரல்விட்டு மனப்பாடம் செய்தான். அது என் வீடு. அந்தத் தேசத்தில் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.