ஏறாமல் போன ஒருவன்

வெள்ளிமலைப் பேருந்தின் கண்டக்டர் அவர். விசிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டேதான் பேசுவார். அன்று கள்ளக்குறிச்சியில் பேருந்தில் ஏறி உட்கார்ந்த என் போனில் ஒரு விண்வெளித் தொடர் ஓடுவதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து பொருமினார்.

"ஏழாவது எபிசோடு பாத்தீங்களா? சூப்பரா எடுத்துருக்கான். ஆனா ஒருத்தன் ஓடியாந்துக்கினு இருக்கறப்பவே வுட்டுட்டு அந்த கேப்டன் விண்கப்பல எடுத்துட்டானே! இன்னாங்க நியாயம் இது?"

"நின்னிருந்தா உள்ள இருந்த எல்லாரும் செத்திருப்பாங்களே" என்றேன்.

"தெரியும்ங்க. அதுக்குன்னு மனசு கேக்குதா? மூணு வாட்டி பாத்துட்டேன், ஒரு வாட்டியாச்சும் நிப்பானான்னு."

மலையடிவார நிறுத்தத்தில் எல்லாரும் ஏறியாயிற்று. டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். கண்டக்டரோ விசில் ஊதாமல், படியில் நின்று பின்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வருகிறார்கள் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

சாலையில் ஒருவரும் இல்லை.