பாய் விரித்த பிறகு ரிவர்ஸ் கியர்

பாய்மரப் படகில் எஞ்சின் பார்ப்பவனுக்கு, எஞ்சினை நிறுத்திய பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. மெக்கானிக்காக இருந்து, சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று பெயர் வாங்கிய யாருக்கும் இது புரியும். எங்கள் ஊர் தேவாரத்திலிருந்து மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டி, பழுதும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஜீப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கொச்சியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பாய்மரப் படகொன்றில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், படகுத்துறைப் பாஸும் அதுவரைக்கும்தான், எஞ்சினால் ஒரு நடை கெட்டாலும் ஊருக்குக் கிளம்பிவிடு என்று கேப்டன் வர்கீஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

காலுக்கடியில் உறுமல்

பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தியாயிற்று. ஆனாலும் பலகைக்குக் கீழே ஏதோ உறுமியது. சாவியை இரண்டு முறை பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது. படகு காற்றில் போகப் போக, தண்ணீர் அடியிலுள்ள புரொப்பல்லர் விசிறியைச் சுழற்றுகிறது என்றார் வர்கீஸ். எஞ்சின் நின்றிருக்கும்போது எங்கள் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஏறாது, சுழலவிட்டால் தேய்ந்துவிடும். ரிவர்ஸில் போட்டால் சுழல்வது நிற்கும்.

கம்பமெட்டு இறக்கத்தில் ஜீப்பை நிறுத்தினால் நாங்களும் ரிவர்ஸில்தான் போட்டு வைப்போம். அதைச் சொல்லிக்கொண்டே போட்டேன். உறுமல் நின்றது. அவர் அசரவில்லை.

"போடுறது ஆர்க்கும் தெரியும். திரும்ப எடுக்கணும், அதாணு விஷயம்."

இடது கால்

பத்தாம் நாள் எடுக்க மறந்தேன். கரை நெருங்கியதும் சாவியைத் திருப்பினேன். கியரில் நிற்கும் ஜீப்பை எடுக்கும்போது நாம் மறந்தாலும் இடது கால் மறக்காது. தானாகக் கிளட்சை மிதிக்கும். அன்றும் ஓங்கி மிதித்தது. படகில் கிளட்ச் கிடையாது. முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்த எங்கள் படகு பின்னுக்கு இழுத்தது. பயணி ஒருவர் மடியில் காபி கொட்டியது. நியூட்ரலுக்குத் தள்ளிச் சமாளித்தேன், நடை கெடவில்லை. பாய் விரித்ததும் சாவியை உருவிக் கியர்ப் பிடியில் மாட்டிவைக்கும் வழக்கம் அன்றுதான் வந்தது. பிடியைத் தொடாமல் சாவி கிடைக்காது.

பக்கத்தில் நின்ற வர்கீஸ் குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ சவிட்டுனது கிளட்ச் இல்லா. என்டெ காலு."

நம்மூர்க்காரர்கள்

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம். எங்கள் ஊர்ப் பக்கம் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு வந்திருந்தார். நடுவழியில் காற்று நின்றது. நீரோட்டம் எங்களைக் கரையோரம் மீன் பிடிக்க ஊன்றிய சீன வலைக் கம்பங்களை நோக்கித் தள்ளியது.

"எப்பா, வண்டிய எடுப்பா! நம்மூர்க்காரன்னு நம்பி ஏறுனோம்ல!" என்று கத்தினார் விவசாயி. சுக்கானைப் பிடித்திருந்த வர்கீஸும் எஞ்சினை எடு என்று கைகாட்டினார். கியர் நியூட்ரலில், சாவி கையில். ஆனாலும் திருப்பவில்லை. பாய்க் கயிறு ஒன்று விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிருந்தது. எஞ்சினைப் போட்டால் புரொப்பல்லர் அதைச் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். இந்த நடையோடு என் வேலையும் முடியும்.

இழுத்தேன். கனத்தது. விவசாயியின் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்து இழுத்தார். ஈரக் கயிறு முழுதும் மேலே வந்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். கை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் படகு கம்பத்தை விட்டு விலகியது. அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம கெணத்துல எட்டிப் பாக்காம மோட்டாரப் போட்டு, கயித்தச் சுத்த விட்டது ஆரு? இவருக்குச் சொல்லித் தர வந்துட்டாக!"

கரையில்

வர்கீஸ் அந்தக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நாளைக்கு ரெண்டு போட்டோ கொண்டு வா. பாஸ் ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம்."

இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்தால், தம்பியின் ஜீப்பை எடுக்கும் முன் அடியில் கயிறு தொங்குகிறதா என்று ஒரு சுற்றுக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். கொச்சிக்குப் போய் எதையோ தொலைத்துவிட்டேன் என்று தேவாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்.