பேர்ணடெட் அக்காவின் எட்டு சிலிண்டர்

கிளென் ஈடனில் இருக்கும் பேர்ணடெட் அக்கா செபமாலை சொல்லித்தான் தன் பழைய காரின் எஞ்சினை வழிக்குக் கொண்டுவருகிறார் என்று ஒடாஹுஹு தமிழ்க் கடையொன்றில் கேள்விப்பட்டேன். நம்மவர் வதந்திக்கு மட்டும் ஆக்லாந்தில் போக்குவரத்து நெரிசல் கிடையாது; மாலைக்குள் அந்தச் செபமாலை ரோமிலிருந்து வந்ததாகிவிட்டது. மறுநாள் அவர் மகள் ஜெசிக்காவின் கல்யாணம். அழைப்பு இருந்தது. விசாரிக்கும் நல்லெண்ணத்தில் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன்.

மன்னாரிலிருந்து வந்த அக்கா, பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் படுக்கை விரிப்பு விற்கிறார். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவில் செய்த அந்த எட்டு சிலிண்டர் காரை ஓடாத நிலையில் வாங்கினார். ஓடியிருந்தால் அவரால் வாங்கியிருக்க முடியாது. கழற்றி, பூட்டி, பிழைவிட்டு, மறுபடி கழற்றி அதை ஓடவைத்தார். மகளைத் தேவாலயத்துக்கு அதில் தானே ஏற்றிப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. மகளோ எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெள்ளை வாடகைக் காரை வாசலில் நிறுத்தியிருந்தாள்.

அக்கா பட்டுச்சேலையோடு ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, இருமியது, கறுப்புப் புகை கக்கி நின்றது. மறுபடியும் அதே கதை.

"இட்ஸ் ஓகே, மம். வைட் கார் இருக்குத்தானே," என்றாள் ஜெசிக்கா.

"பத்து நிமிசம் தா பிள்ளை."

சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு பொனட்டைத் திறந்து ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது.

"நேற்று பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தது. இப்ப பாருங்கோ. பெட்ரோல் கூட, காற்றுக் குறைவு."

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் திருகை மெல்லக் கடைசிவரை உள்ளே திருகினார். உதடுகள் அசைந்தன. வதந்தி உண்மையா என்று காதைக் கொண்டுபோனேன். "அரை... முக்கால்... ஒண்டு..." சுற்று எண்ணுகிறார்.

"ஒண்டரை. நான் வச்ச இடத்திலதான் இருக்கு. இதில பிழையில்லை."

திருகை அதே ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி, ப்ளக்கைத் துடைத்துப் பூட்டி, பொனட் திறந்தபடியே எஞ்சினைக் கிளப்பினார். முதலில் திக்கியது. பிறகு எட்டு அறைகளின் வெடிகளும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு, ஒரே ஆழமான சத்தமாகக் கூடின. மழைக்கு முன் தூரத்து வானம் பேசுவதுபோல் இருந்தது. தரை அதிர்ந்தது, என் நெஞ்செலும்பும் அதிர்ந்தது.

பொனட்டை மூடினார். எஞ்சினுக்கு மறுபடி இருமல்.

அக்கா நிமிர்ந்து பொனட்டையே பார்த்தார். அதன் நடுவே எஞ்சினுக்குக் காற்று போகிற வாய். அதன்மேல், பக்கத்தில் நின்ற நாத்தனார் இவோன் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் கட்டிய பெரிய ரோஜா அலங்காரம்.

"மச்சாள், இதின்ர மூச்சையெல்லோ அடைச்சு வச்சிருக்கிறியள்."

"மூச்சோ? வடிவில்லாத ஓட்டை எண்டெல்லோ நான் மறைச்சனான்."

அக்கா ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார். எஞ்சின் மறுபடி அந்த ஆழக் குரலில் பேசியது. ஜெசிக்கா கவுனைச் சுருட்டிக்கொண்டு பின் இருக்கையில் ஏறாமல் அம்மாவின் பக்கத்தில் ஏறினாள். வெள்ளைக் கார் வெறுமையாகப் பின்னால் வந்தது.

விருந்தில் இவோன் விடவில்லை. "விடிய எழும்பிக் கட்டின பூ. அதே மாதிரி ஒண்டு நீங்களே கட்டித் தரவேணும், மச்சாள்."

"ஓம், தாறன்."

மாதங்களாகிவிட்டன. கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டும் அக்காவுக்குப் பூக்கட்ட வராது. இவோன் விசாரிப்பதை நிறுத்தவுமில்லை.