ரயில் ஓட்டுகிற மாப்பிள்ளை

எனக்குப் பேசிய மாப்பிள்ளை இத்தாலியில் அதிவேக ரயில் ஓட்டுகிறார் என்று தரகர் சொன்னார். நாடு முழுக்க ஓடுகிற ரயில் இல்லை. ஒரு மாகாணத்து ஊர்களை மட்டும் இணைக்கிற பாதை. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இயந்திரம் ஓட்டுகிற பெடியன் என்றதும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் அழைக்கும்போதெல்லாம் ரயிலுக்குள்தான் இருந்தார். ஆனால் பயணிகளின் இருக்கையில். ஏன் என்று கேட்டால், "வேலை முடிஞ்சு வாறன்" என்பார். "என்ன வேகத்தில ஓட்டுறனீங்கள்?" என்றால், "சுரங்கம் வருது" என்பார். இணைப்பு அறுந்துவிடும். சிக்கலான கேள்வி கேட்கிற நாட்களில்தான் சுரங்கமும் வந்தது. அந்தப் பாதையை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்த காணொளியைத் தேடிப் பார்த்தேன். சுரங்கங்கள் இருக்கத்தான் செய்தன. என் சந்தேகம் தீரவில்லை.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கையில், வாளியோடு வந்த ஒரு பெண் ரப்பர் கையுறைகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவர் சட்டென்று போனைத் திருப்பினார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் கோச்சி ஓட்டுறேல்லத்தானே?"

அவர் போனை மறுபடி தன் முகத்துக்கு நேரே திருப்பினார். "இல்லை. பெட்டியளைக் கூட்டித் துடைக்கிறனான். கக்கூசும் கழுவுறனான். உங்கட அண்ணாவுக்கு எல்லாம் தெரியும். கல்யாணம் முடியுமட்டும் சொல்ல வேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர்."

அண்ணா குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நேரே போய்க் கேட்டேன்.

"ஓம், நான்தான் தரகரிட்டயும் கோச்சி ஓட்டுறார் எண்டு சொல்லச் சொன்னனான். கழுவுற வேலை எண்டா அப்பா ஒத்துக்கொண்டிருப்பாரோ?"

"உனக்கேன் இவ்வளவு அக்கறை?"

சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "நீ அங்க போனாத்தானே பிறகு என்னையும் கூப்பிடலாம்."

அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டார். என் போனை வாங்கி அவரே அழைத்தார். "தம்பி, கழுவுறதில எனக்கொரு குறையுமில்லை. பொய்தான் பொறுக்க ஏலாது. இனி அவள் விரும்பினாப் பேசட்டும்."

மனம் ஆற எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. பிறகு, வேலை செய்கிறபோது அழைக்கச் சொன்னேன். போனை ஓரிடத்தில் சாய்த்துவைத்துவிட்டு, வெட்கத்தோடு ஒரு பெட்டி முழுவதையும் துடைத்தார். நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் சம்மதம் சொன்னேன்.

கல்யாணம் முடிந்துவிட்டது, விசாவுக்குக் காத்திருக்கிறேன். அவரை நம்புகிறேன். அண்ணா ஏதாவது சொன்னால் மட்டும் இன்னொருவரிடம் விசாரிக்காமல் விடுவதில்லை.