தேயிலைக்கு ‘லவ்லி’ சொன்னது

கடையில் சீனி சுற்றிக் கொடுத்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் அழகைச் சொல்லும் வார்த்தைகளைப் பார்த்தபோதுதான், இவற்றை மனப்பாடம் செய்தால் தேயிலையின் தரத்தை இங்கிலீசில் சொல்லும் ஃபேக்டரி வேலை கிடைக்கும் என்று தோன்றியது. எனக்கு வேறு வழியும் இல்லை. திங்கட்கிழமை புல்லு வெட்டப் பேர் பதியாவிட்டால் தோட்டத்து லய வீட்டில் இருக்கக் கூடாது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார். அதற்கா எட்டாம் வகுப்புவரை படித்தேன்?

சனிக்கிழமை ஃபேக்டரியில் தேயிலைத் தரம் பார்க்கும் டீமேக்கர் முன் போய் நின்றேன். அவர் வெள்ளைக் கோப்பையில் ஊற்றிய தேயிலைச் சாயத்தைக் காட்டி, “எப்படி இருக்கு? இங்கிலீசுல சொல்லு, பாப்போம்” என்றார்.

“வெரி பிரிட்டி, சேர். லவ்லி.”

“ஏன்டா, பொண்ணு பாக்கவா வந்த?”

இலை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

“கொழும்புல வாங்குறவங்க சாயம் பிரைட்டா, டல்லான்னுதான் கேப்பாங்க. லவ்லியாம் லவ்லி! போ, போ.”

ஞாயிறு ஒரு நாள்தான் மிச்சம். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் தகரக் கோப்பை. அதில் எந்தச் சாயமும் கறுப்பாகத்தான் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் ஒரு வெள்ளைக் கோப்பை இரவல் கேட்க வேண்டும். நாள் முழுக்கத் தேத்தண்ணி ஊற்றிப் பார்த்துப் பழகிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு முன்னால் மறுபடி அவர் முன் போய் நிற்க வேண்டும்.